மேஸ்திரி வாளி வைத்த இடம்

வேலை நடக்கிற இடத்தில் மேஸ்திரி சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கையில் ஒரு பழைய பெயிண்ட் வாளி இருக்கும். அதற்குள் கரண்டி, மட்டம் பார்க்கிற ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல் உருண்டை. காலையில் வந்ததும் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓரிடத்தில் வாளியை வைப்பார். அன்றைக்கு வேலை அங்கேதான் தொடங்கவேண்டும் என்று அர்த்தம். சிற்றாளிலிருந்து கொத்தனார் வரை வாளியைப் பார்த்துத்தான் கலவை போடுவார்கள். "எங்க தொடங்கணும் மேஸ்திரி?" என்று எவனாவது கேட்டால் வாளியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். புதிதாக வந்தவன் ஒருவன் தண்ணீர் பிடிக்க அந்த வாளியை எடுத்துப்போய்க் குழாயடியில் வைக்க, மற்றவர்கள் குழாயடியில் போய் அஸ்திவாரம் தோண்டிய கதையை எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம்.

அந்த வாளி இப்போது கதவுக்குப் பின்னால் கிடந்தது. "உழைச்ச வரைக்கும் போதும்ப்பா, இனிமே ஓய்வு" என்று மேஸ்திரி தெருவுக்குச் சொல்லிவிட்டார். தெருவும் நம்பிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, தலைக்கு மேல் சொந்தக் கூரை இருக்கிறது, மனைவி இஸ்திரி போட்டு நாலு காசு பார்க்கிறாள், மனுஷன் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் என்ன என்று நாங்களும் நினைத்தோம். உண்மை வேறு. கல் அறுக்கிற மிஷின் கிளப்பிய தூசி வருஷக்கணக்காக அவர் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. காலி செய்யச் சொன்னால் கேட்கிற குடித்தனம் இல்லை அது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. டாக்டரைத் தவிர அது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் அவர் சம்சாரமும்.

"மருந்து பாதி, நடை பாதி" என்றார் டாக்டர். "மூச்சு வாங்கினா உக்காருங்க. அடங்கினதும் எந்திரிச்சு நடங்க. சும்மாவே உக்காந்திருந்தீங்கன்னா இருக்கிற மூச்சும் சுருங்கிப்போயிடும்."

சொல்வது சுலபம். எங்கள் தெருவில் உட்கார இடம் ஏது? ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வீட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சொந்தக்காரர், ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் இரண்டு கண்.

"அடுத்தவன் வீட்டுப் படியில உக்காந்து நாய் மாதிரி இளைக்கச் சொல்றியா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்தப் படிகளில் பாதி அவர் கட்டியவை. அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அதனால் முன்னறையில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஈரத் துணியிலிருந்து எழும் ஆவியில் ஜன்னல் கண்ணாடி எந்நேரமும் மங்கிக் கிடக்கும். அவர் அதைத் துடைத்துத் துடைத்துத் தெருவைப் பார்ப்பார். தெரு அலுத்துவிட்டால் சட்டைகளைப் பார்ப்பார்.

"இந்தக் காலர் கொஞ்சம் சாயுது பாரு."

"இது சட்டைங்க, சுவரு இல்ல. கழுத்துல ஏறினா தானா நிமிரும்."

"மடிப்பு மட்டமா இல்ல."

"ரசமட்டம் வெச்சா சட்டை மடிக்கிறாங்க? பேசாம இருங்களேன், கை சுட்டுக்கப்போறேன்."

இஸ்திரியக்கா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். புருஷனிடம் எரிந்து விழுந்தாலும் அவர் வைக்கிற ஒவ்வோர் எட்டையும் அக்கா ஓரக்கண்ணால் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். முதலில் முக்குக் கடை அவருக்குத் தூரமாயிற்று. பிறகு வாசல் தூரமாயிற்று. இப்போது பின்கட்டுக் குழாய்க்குப் போய்வருவதே பிரயாணமாகிவிட்டது. இப்படியே விட்டால் கடைசியில் கட்டில்தான் உலகம் என்றாகிவிடும். அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் குட்டை விவகாரம் வந்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய கல்குவாரி. கல் தீர்ந்ததும் ஆட்கள் போனார்கள், தண்ணீர் வந்தது. தண்ணீரைச் சுற்றி முள், முள்ளுக்குள் உடைந்த பாட்டில், பாட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ வீசிய மெத்தை. தண்ணீர் மட்டும் பச்சைக் கண்ணாடி போல அழகாக இருக்கும், கிட்டே போய்ப் பார்க்கத்தான் வழி கிடையாது. தெருச் சங்கத்துத் தலைவர் மருந்துக்கடைக்காரர். கம்பவுண்டர் என்றால்தான் தெரியும். அவர் எங்கோ விசாரித்துக்கொண்டு வந்து ஒரு சாயங்காலம் கடை வாசலில் எல்லாரையும் கூட்டினார்.

"ஒரு அறக்கட்டளை இருக்கு. ஜனங்க வெளிய வந்து நடக்க, உக்கார, விளையாட ஏதாவது செஞ்சுக்கிறோம்னு சொன்னா உதவுறாங்க. பெரிய தொகை இல்ல. சிமென்ட்டு, கம்பி, பலகை வாங்கலாம். குட்டையச் சுத்தி ஒரு நடைபாதை, அங்கங்க பெஞ்சு. அத வந்து பாத்து நல்லா இருக்குன்னா, தண்ணி ஓரமா ஒரு பலகை மேடைக்கும் தருவாங்க. ஆனா உழைப்பு நம்ம பங்கு."

"கூலி கிடையாதா?" என்று ஒரு குரல்.

"உனக்கு நடக்கப் பாதை போட உனக்கே கூலியா? நல்லா இருக்குய்யா நியாயம்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய பணம் என்றால் எங்கள் தெரு நம்பாது. பெரிய பணத்தோடு பெரிய ஆட்கள் வருவார்கள், கல் நடுவார்கள், போய்விடுவார்கள். இது சின்னப் பணம், அதனால் நிஜமாக இருக்கும் என்று தோன்றியது.

"முள்ளு வெட்டலாம், மண்ணு சுமக்கலாம். கான்கிரீட் வேலைய யாரு பாப்பா?" என்றார் கம்பவுண்டர்.

"என் வீட்டுக்காரர் பாப்பாரு" என்று பின்வரிசையிலிருந்து இஸ்திரியக்கா கை தூக்கினார்.

"அப்பிடிப் போடுக்கா!" என்று துள்ளியவன் அக்காவின் தம்பி. நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. காரணம் சொல்லவேண்டியதில்லை, அவனே சொல்லுவான், நிறுத்தாமல். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மச்சானிடம் சிற்றாளாக இருந்து கொத்தனாரானவன். மச்சான் என்றால் உயிர்.

வீட்டுக்குள் மேஸ்திரி எகிறினார். எகிறுவதற்கும் மூச்சு வேண்டுமே, பாதியில் நின்றது. அக்கா தட்டில் சோற்றைப் போட்டு, வேகவைத்த முட்டையை உரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"என்னைக் கேக்காம... எப்பிடி நீ... கை தூக்கலாம்?"

"கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"எனக்கு மூச்சு வாங்குதுன்னு ஊரு பூரா தமுக்கு அடிக்கலாம்னு பாக்கிறியா?"

"நீங்க மூட்டை தூக்க வேணாம். கலவை போட வேணாம். எப்பவும் போல வாளியத் தூக்கிட்டுப் போயி நின்னாப் போதும். உங்களுக்குப் பேசுற பழக்கந்தான் கிடையாதே, மூச்சு வாங்குதா இல்லையான்னு எவனுக்குத் தெரியப்போகுது?"

அவர் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டைய மடிக்கிறதுல உங்க மேற்பார்வை எனக்கு வேணாங்க" என்றார் அக்கா, குரல் இறங்கி. "அங்க போயி பாருங்க. எனக்காகப் போங்க."

சாப்பிட்டு முடித்ததும் மேஸ்திரி கதவுக்குப் பின்னாலிருந்து வாளியை எடுத்துத் தூசி தட்டினார்.

முள் வெட்டும் வேலை மழை விட்டதும் தொடங்கியது. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் "முன்னால போ, முன்னால போ" என்று பழக்கதோஷத்தில் எல்லாரையும் நகர்த்திக்கொண்டிருந்தார். பெண்கள் டீயும் பன்னும் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தாலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குட்டையைச் சுற்றி ஒரு மண்தடம் தெரிய ஆரம்பித்ததும், அடேயப்பா, நம் தெருவுக்குப் பின்னால் இவ்வளவு வானம் இருந்ததா என்று எங்களுக்கே ஆச்சரியமாகப் போயிற்று.

தடம் முழுக்கத் திறந்த அன்று காலையில் மேஸ்திரி வாளியோடு வந்தார். கம்பவுண்டர் பெஞ்சுகளைச் சம இடைவெளியில் குறித்த வரைபடத்தை முன்பே அவரிடம் கொடுத்திருந்தார். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன். யாரும் வர வேணாம்" என்றார்.

நாங்கள் டீ குடித்துக்கொண்டு நின்றோம். வளைவு திரும்பி அவர் மறைந்தபின், சுண்ணாம்புப் பொடிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரேடியோ கிளம்பினான். மேஸ்திரி முன்னால் போனால் சுண்ணாம்புக்காரன் பின்னால் போவதுதான் அவர்கள் வழக்கம். மச்சான் வரவேண்டாம் என்று சொன்னதால் மரியாதைக்கு நன்றாகப் பின்தங்கியே போனான்.

முன்னால் போனவர் கதை வேறு. வளைவு திரும்பியதுமே அவருக்கு நெஞ்சு அடைத்தது. கருவிகளைத் துணியில் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அடங்கியதும் எழுந்தார், நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். குட்டையின் கிழக்குக் கரை மேடு. அந்த ஏற்றத்தில் மூன்று முறை உட்கார்ந்தார். உச்சியில் நிற்காமல், ஏறிவிட்டோம் என்ற நிம்மதியில் இறக்கத்தை ஒரே மூச்சில் இறங்கினார். சுற்றி வந்து சேர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

ஆனால் சுற்றிவிட்டார். வீட்டுக்குள் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பின்னால் வந்த ரேடியோ கண்டதெல்லாம் ஈர மண்ணில் வாளியின் வட்டத் தடம். ஒவ்வொரு தடத்திலும் சுண்ணாம்பைக் கொட்டி வட்டம் போட்டான். "எவ்வளவு அழுத்தி வெச்சிருக்காரு பாருங்க! மச்சான் ரொம்ப உறுதியா இருக்காரு" என்று எங்களிடம் வந்து சொன்னான். வரைபடம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டதற்கு, "படம் அவரு மண்டைக்குள்ள இருக்குங்க" என்றான். வாளி வைத்தபின் வேறு பேச்சு ஏது? காய்ச்சல் என்று அக்கா சொல்லிவைக்க, மேஸ்திரி நாலு நாள் கழித்துப் படுக்கையிலிருந்து எழுவதற்குள் வட்டங்கள் எல்லாம் குழியாகி, குழிகளில் பெஞ்சுக் கால்கள் நின்று, கான்கிரீட்டும் இறுகிவிட்டது.

அவர் வந்து பார்த்தார். முதல் பெஞ்சைப் பார்த்து நின்றார். இரண்டாவதைப் பார்த்து வாளியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"யாருடா இங்க தோண்டச் சொன்னது?"

"நீங்கதான மச்சான்! வாளி வெச்சிருந்தீங்களே!"

மேஸ்திரி வாயைத் திறந்தார். என்னவென்று சொல்வார்? அது வேலைக்கு வைத்த வாளி இல்லை, மூச்சுக்கு வைத்த வாளி என்றா? சுற்றிலும் கை கொப்பளித்த தெருவே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ம்... சரி. தண்ணி ஊத்தி நல்லா நனைங்க" என்றார்.

அதன்பின் நாங்கள் செய்ததுதான் கூத்து. பெஞ்சு வைத்த இடங்களுக்கெல்லாம் காரணம் கண்டுபிடித்தோம். இது நிழலைப் பார்த்து வைத்தது என்றார் கண்டக்டர். நிழலே இல்லை. "மரம் வளரும்ல? மேஸ்திரி பத்து வருஷம் முன்னால பாக்கிறவரு." அது காற்று வரும் திசை, இது மீன் துள்ளுவது தெரியும் இடம் என்று ஆளுக்கொன்று. ஏற்றத்தில் நெருக்கி நெருக்கி மூன்று பெஞ்சு ஏன் என்பதற்கு மட்டும் யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. கிடைக்காததனால் அதில் இன்னும் பெரிய ரகசியம் இருப்பதாக நம்பினோம்.

இஸ்திரியக்கா ஒரு மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்த ஏற்றத்தில் ஏறினார். முதல் பெஞ்சு, அதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. அந்த மூச்சோடுதானே இத்தனை நாள் ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார். மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வெளிய சொல்லிடாத" என்றார்.

"நான் சொல்லல. பெஞ்சே சொல்லுது" என்றார் அக்கா.

பார்வையிடும் நாளும் வந்தது. அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டுமாக வந்து இறங்கினார். கம்பவுண்டர் அதுவரை கடை, கணக்கு என்று இருந்துவிட்டு அன்றைக்குத்தான் வரைபடத்தின் நகலைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

"படத்துல ஒண்ணு இருக்கு, தரையில ஒண்ணு இருக்கு. நாசமாப் போச்சு. மேடைக்கு இனி எங்க தருவாங்க?"

பாதை அந்த அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஓரக்கல், வடிகால் எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். ஏற்றத்துக்கு வந்ததும் நின்றார்.

"இங்க மட்டும் ஏன் மூணு? அந்தப் பக்கம் இறக்கத்துல ஒண்ணுகூட இல்லையே?"

"நிழல் மேடம்" என்றார் கண்டக்டர். "காத்து" என்றார் இன்னொருவர். "மீனு" என்று ஒரு குரல் வந்தது. அந்த அம்மா எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். கம்பவுண்டருக்குத் தாங்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். தப்பு நடந்துபோச்சு. இவன் பண்ணின வேலை. படத்தப் பாக்காம சுண்ணாம்பக் கொட்டிட்டான். வாய் இருக்கிற அளவுக்கு இவனுக்குப் புத்தி கிடையாது."

ரேடியோ நின்றுபோனான். அவன் பேசாமல் நின்று நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றானே தவிர, மச்சான் வாளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

மேஸ்திரி வாளியைக் கீழே வைத்தார்.

"அவன் மேல தப்பு இல்ல மேடம். வாளி வெச்சது நான்." கொஞ்சம் நின்று மூச்சு விட்டார். "நான் எடம் பாத்து வெக்கல. நெஞ்சுல தூசி இருக்கு எனக்கு. நடந்தா... மூச்சு வாங்கும். வாங்கின எடத்துல உக்காந்தேன். இந்த ஏத்தத்துல மூணு தடவ உக்காந்தேன். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. இவங்க அத வேலைன்னு நெனச்சு தோண்டிட்டாங்க. தோண்டணும்னா நானே கூலிக்கு ஆள் வெச்சுத் தோண்டி எடுத்துடறேன். மேடைய மட்டும் நிறுத்திடாதீங்க. பாவம், எல்லாரும் ரொம்பப் பாடுபட்டிருக்காங்க."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. இஸ்திரியக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நிழல், காற்று, மீன் எல்லாம் வாயை மூடிக்கொண்டன.

"இப்ப உக்காரணுமா உங்களுக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமா."

"அப்ப உக்காருவோம். பெஞ்சுதான் பக்கத்துலயே இருக்கே."

இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, அவர் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

"எல்லாரும் வந்து போற எடமா இருக்கணும். எங்களுக்கு முக்கியமான நிபந்தனை அதுதான்" என்றார் பிறகு. "எதுக்குத் தோண்டணும்? பெஞ்ச மாத்த வேணாம், படத்த மாத்துங்க. காரணத்தையும் சேத்து எழுதிக் குடுங்க."

"காரணம்னு என்ன மேடம் எழுதுறது?" கம்பவுண்டர் பேனாவை எடுத்துக்கொண்டு தடுமாறினார்.

"மூச்சு வாங்குற எடம்னு எழுதுங்க" என்றார் மேஸ்திரி.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் முழங்கால் போயி ரொம்ப நாளாச்சு. நானும் இந்த ஏத்தத்துல ரெண்டு தடவ உக்காந்துட்டுத்தான் வர்றேன். மீன் பாக்கிற மாதிரி." பின்னாலிருந்து ஒரு அம்மாள் தனக்கு இடுப்பு என்றார். இன்னொருவர் தலைசுற்றல் என்றார். வெட்கம் விட்டபின் கேட்கவேண்டுமா, இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் தெரியாத வலியெல்லாம் ஒரே நாளில் தெரிந்துகொண்டோம். கம்பவுண்டர் ரேடியோவின் தோளில் கை போட்டு, "மனசுல வெச்சுக்காதடா" என்றார். அவ்வளவுதான், நின்ற ரேடியோ மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது.

மேடைக்கும் உதவி வந்தது. பலகை இழைத்து, எண்ணெய் தடவி, தண்ணீர் ஓரத்தில் மேடை நின்றது. அதைவிட எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஜன்னல் வழியாக மட்டுமே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இந்த வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று நாங்கள் கேட்கும்படியாக வந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் வந்தார்கள். எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது. அந்த அறக்கட்டளைக்காரர்களை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை, ஆனால் நன்றி சொல்லாத நாள் இல்லை. கொடுத்தது கைப்பிடியளவுதான், விளைந்தது களம் நிறைய.

"நீ மட்டும் அன்னிக்குக் கை தூக்கலேன்னா..." என்று மேஸ்திரி ஒருநாள் மனைவியிடம் ஆரம்பித்தார்.

"ஆமா, தூக்கின கை இன்னும் வலிக்குது. நடந்துட்டு வாங்க, துணி கெடக்கு" என்றார் அக்கா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அன்று சாயங்காலம் நல்ல வெயில். மேஸ்திரி வாளியோடு ஏற்றத்துக்கு வந்தார். முதல் பெஞ்சில் கண்டக்டரும் அவர் முழங்காலும். இரண்டாவதில் இடுப்பு வலி அம்மாள். மூன்றாவதில் தலைசுற்றல்காரர் படுத்தே இருந்தார். எல்லாரும் அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்கள்.

"வாங்க மேஸ்திரி, உங்க எடம், உக்காருங்க."

"உக்காருங்க, உக்காருங்க" என்று கையமர்த்திவிட்டு அவர் மெதுவாக ஏறினார். உட்கார இடமில்லாமல் ஏறினாரா, உட்காரத் தோன்றாமல் ஏறினாரா என்று அவருக்கே தெரியாது. இரண்டெட்டு, ஒரு மூச்சு. இரண்டெட்டு, ஒரு மூச்சு. உச்சிக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் மூன்று பெஞ்சும் கீழே இருந்தன. எதிரே குட்டை முழுவதும் தெரிந்தது. பலகை மேடை, அதில் காலைத் தொங்கப்போட்டிருந்தவர்கள், தெரு, தெருவில் அவர் வீடு, வாசலில் நின்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மேலே பார்த்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம்.

மேஸ்திரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

கீழே மேடையிலிருந்து ரேடியோவின் குரல் தண்ணீரைத் தாண்டி வந்தது. "மச்சான்! அங்க ஒண்ணு போடணுமா?"

பெஞ்சுகளில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். பதில் சொல்ல மூச்சு வரட்டும் என்று காத்திருந்தார். காத்திருக்கத் தேவையில்லை, மூச்சு இருந்தது.

"இது மூச்சுக்கு வெச்சது இல்லடா" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். "சும்மா பாக்கிறதுக்கு வெச்சது. போடு!"